காக்கா என்றால் அண்ணன்

மதினி, ஆனைக்கு வயிறு இரைஞ்சா என்ன சத்தம் வரும்னு உங்களுக்குத் தெரியுமா? நம்ம ஊர் மாவு மில்லில் கரெண்டு போனதும் பெல்ட்டு உடனே நிக்காம ஓய்ஞ்சு ஓய்ஞ்சு சுத்துமே, அந்தக் கடைசிச் சுத்துகளோட சத்தம். காதில் கேக்கிறதைவிட, படுத்திருக்கிற கட்டில் சட்டத்தில்தான் அதிகமாக் கேக்குது. நான் முதல்ல சந்தோஷப்பட்டேன். இவுக ஆத்துப் பக்கம் போன வேலை முடிஞ்சுட்டு, மோட்டார் ஓட ஆரம்பிச்சுட்டு, சாயங்காலம் பிள்ளைக்குத் தலைக்கு ஊத்திரலாம்னு நினைச்சேன். நினைச்சுக்கிட்டே கண்ணைத் திறந்தா, கூடாரத்துத் துணியில் ஒரு பக்கம் வெயிலைக் காணோம். இவ்வளவு நேரம் மஞ்சளா எரிஞ்சுக்கிட்டுக் கிடந்த துணி, வாசல் பக்கம் முழுக்கக் கறுத்துப்போய் நிக்குது. மேகமாக இருக்கும்னு மனசு சொல்லுது, மேகம் மூச்சு விடுமான்னு அதே மனசு கேக்குது. அப்புறம் அந்தக் கறுப்புக்குக் கீழே இன்னொரு சின்னக் கறுப்பு, நாலு கட்டைக்காலோட, பெரிய கால்களுக்கு நடுவில் புகுந்து வெளியே வந்துச்சு. குட்டி. அப்பதான் என் கை தானாகப் போய் உலகு மேலே விழுந்துச்சு. உலகம்மைன்னு பேர் வச்சு உலகுன்னு கூப்பிடுற என் மூணு வயசுப் பிள்ளை, வேர்த்து ஒழுக, வாயைத் திறந்துபோட்டுத் தூங்குது. தூங்கட்டும். நீ எந்திரிக்காத வரைக்கும் ஒண்ணும் இல்லை, என் கண்ணு. ஆனை தானா வந்தது, தானாப் போயிரும். நீ எந்திரிச்சாத்தான்.

இந்த ஊரில் வேலி கிடையாது மதினி. தான்சானியாக் காட்டுக்குள்ளே ஆறே ஆறு கூடாரம், நடுவில் கூரை போட்ட சாப்பாட்டு இடம், அதுக்குப் பின்னால் அடுக்களை, அவ்வளவுதான் கேம்ப்பு. வெள்ளைக்காரங்க காசு குடுத்து வந்து மிருகம் பாக்கிற இடம். இவுக வேலை பாக்கிற போர்வெல் கம்பெனி போட்ட மோட்டார் நின்னுபோச்சுன்னு கூப்பிட்டாங்க, ஒரு கூடாரம் சும்மாதான் கிடக்கு, குடும்பத்தையும் கூட்டிட்டு வான்னு முதலாளி சொல்லிட்டாரு. நானும் சேலை நாலு, பருப்புப்பொடி, ஊறுகாய் எல்லாம் கட்டிக்கிட்டு சுத்துலா மாதிரிச் சிரிச்சுக்கிட்டே வந்தேன். வந்ததும் காம்பவுண்டு சுவர் எங்கேன்னு கேட்டேன். அத்தனை பேரும் சிரிச்சாங்க. "சுவர் இருந்தா மிருகம் எப்படி வரும்?" அடப்பாவிகளா, அதுக்குத்தானே சுவர் கட்டுறது! எங்கப்பா கதை உங்களுக்குத் தெரியும். மலையடியில் வாழைத்தோப்புக் காவலுக்குப் போய், வெடி வெடிச்சு வெடிச்சு வலது காது மந்தமாப் போன மனுசன். தோப்பு ஆனை வேற, கோயில் ஆனை வேறன்னு எனக்குச் சின்னதிலேயே பிரிச்சுச் சொல்லிட்டாரு. கோயில் ஆனை நம்மைப் பாக்கும், தோப்பு ஆனை நம்ம கையைப் பாக்கும்பாரு. ஆனா உலகுக்குக் கோயில் ஆனை மட்டும்தான் தெரியும். போன தடவை ஊருக்கு வந்தப்போ நீங்கதானே கூட்டிட்டுப் போனீங்க? வாழைப்பழத்தை நீட்டினா, அது வாங்கி வாயில் போட்டுக்கிட்டு, தும்பிக்கையைத் தூக்கி அவ தலையில் பொத்துன்னு வச்சுச்சு. பயப்படுவான்னு பாத்தா, இன்னொண்ணு குடு, இன்னொருக்கா வைக்கச் சொல்லுன்னு மூணாவது தெரு வரைக்கும் அழுதுக்கிட்டே வந்தா. இங்கே வரும்போதும் ஜீப்பில் ஏறி உக்காந்ததும் முதல் கேள்வி அதுதான். "அம்மா, அங்கே ஆனை ஆசீர்வாதம் பண்ணுமா?" பண்ணும் பண்ணும்னு சொல்லிட்டேனே. வாய் என்ன வாய் இது. பிள்ளை வழியில் படுத்தக் கூடாதுன்னு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேனே. இப்போ அவ கண்ணைத் திறந்து இந்த நிழலைப் பாத்தான்னா, கொசுவலை ஜிப்பை ஒரே இழுப்பில் இழுத்துட்டுத் தலையைக் குடுக்க ஓடுவா. பெரிய ஜிப்பை வேற நான் மூடலை. காத்து வரட்டும்னு வலையை மட்டும் போட்டிருக்கேன். அந்த வலை ஜிப்பை எப்படித் திறக்கிறதுன்னு நேத்து அவளுக்குச் சொல்லிக் குடுத்ததும் நான்தான்.

என்ன பண்ணுது? மெல்லுது. எதை? அந்த மரக்கட்டைப் பக்கம்தான் தலை குனியுது. ஐயோ, என் சோறு. மதினி, இன்னைக்கு அமாவாசை. அப்பா போனதுக்கு அப்புறம் ஒரு அமாவாசைகூட நான் விட்டதில்லை. காலையிலேயே அடுக்களையில் சமையல்காரங்ககிட்டே ஒரு ஓரத்து அடுப்பைக் கேட்டு வாங்கி, சோறு வடிச்சு, அப்பாவுக்குப் பிடிச்ச மாதிரி பழம் போட்டுப் பிசைஞ்சு, கூடாரத்து வாசலில் கிடக்கிற மரக்கட்டையில் உருண்டை வச்சேன். இவுக பல் விளக்கிக்கிட்டே சிரிக்காக. "ஆப்பிரிக்கா வரைக்கும் மாமா சோத்துக்கு வருவாராக்கும்?" "அவருக்கு என்ன, விசாவா எடுக்கணும்?"னு நானும் விடலை. இங்கேயும் காக்கா உண்டு. ஆனா வெள்ளைச் சட்டை போட்ட காக்கா, கழுத்தும் நெஞ்சும் பளிச்சுன்னு. ஒண்ணு மரத்தில் உக்காந்து பாத்துச்சு. நான் கையைத் தட்டி, "கா... கா... காக்கா, காக்கா!"ன்னு கூப்பிட்டேன். காக்கா வரலை. கம்பைத் தூக்கிக்கிட்டு, ரப்பர் பூட்ஸ் தடதடக்க, காவல்கார மசஞ்சா ஓடி வர்றாரு! "என்ன மாமா உலகு? என்ன ஆச்சு?" இவங்க பேச்சில் மாமான்னா அம்மா, உலகுக்கு அம்மாங்கிறதாலே நான் மாமா உலகு. ஒரு வருசமா இந்த நாட்டில் இருந்தும் அதுக்கே எனக்கு இன்னும் சிரிப்பு வரும். காக்கான்னா இவங்க பேச்சில் அண்ணன்னு மட்டும் எனக்குத் தெரியாமப் போச்சு. "அண்ணா அண்ணான்னு கத்தினீங்களே?"ன்னு மூச்சு வாங்க நிக்கிறாரு மனுசன். நான் மரத்தைக் காட்டினேன். அவர் மரத்தைப் பாத்தாரு, காக்காயைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. "இத்தனை அண்ணன்மார் இங்கே பசியோட இருக்கோம், நீங்க அதைக் கூப்பிடுறீங்களா?" அடுக்களைப் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாரு, உள்ளே ஒரே சிரிப்பு. அப்புறம் என்கிட்டே, "இனிமே காக்கான்னு கேட்டா நான் வரமாட்டேன். ஆள் வேணும்னா காக்கா மசஞ்சான்னு முழுசாக் கூப்பிடுங்க"ன்னாரு. போகும்போது சோத்தைக் கம்பால் காட்டி, வெளியே சாப்பாடு வைக்கக் கூடாது, எடுத்திருங்கன்னு சொன்னாரு. சரி சரின்னு தலையாட்டினேன். ஆனா எப்படி எடுக்க? காக்கா தொடுமுன்னே வச்ச சோத்தை எடுக்கிறதாவது? வெள்ளைச்சட்டை வந்து தொட்டுட்டுப் போகட்டும்னு விட்டேன். அது தொடலை. அது தொடாம நானும் சாப்பிடலை. இப்போ ஆனை தின்னுக்கிட்டு இருக்கு. ஒருவேளை அப்பாதான் இப்படி... சீ, வாயைக் கழுவு. அப்பா வந்தா முதல்ல வெத்திலை கேட்பாரு.

சரி, தின்னு முடிச்சாச்சு இல்லையா? ஒரு உருண்டை, அது உன் பல்லிடுக்குக்குக் காணுமா, போம்மா, குட்டியைக் கூட்டிக்கிட்டுப் போ. போகலை. கட்டையை விட்டுட்டு இந்தப் பக்கம் ஒரு எட்டு வச்சுச்சு, கூடாரக் கயிறு ஒண்ணு டங்குன்னு தெறிச்சுச்சு, துணி ஒரு மூலையில் தொங்கிருச்சு. இப்போ தும்பிக்கை துணியில் ஊருது. ஓரமாத் தடவிக்கிட்டே வருது, நாம இருட்டில் சுவிட்சைத் தேடுவோமே அப்படி. என்ன தேடுது? இங்கே என்ன இருக்கு? விசில் வாசல்கிட்டே ஆணியில் தொங்குது, ஆனை நிக்கிற பக்கம். ஆபத்துன்னா ஊதுங்கன்னுதான் குடுத்தாங்க, அதோடே குட்டி கூட இருந்தா ஊதிராதீங்க, அரண்டுச்சுன்னா ஓடுற வழியில் கூடாரம் இருக்கான்னு பாக்காதுன்னும் சொன்னாங்க. அப்போ எதுக்கு விசில்? இவுக இப்போ ஸ்பேனரைத் தோளில் போட்டுக்கிட்டுப் பாட்டுப் பாடிக்கிட்டே வந்தா? வராதீக. மோட்டார் சரியாக வேண்டாம், இன்னும் ஒரு போல்ட்டு மாட்டிக்கிட்டு வராமக் கிடக்கட்டும். எனக்கு மூச்சு விடவே கூச்சமா இருக்கு, என் வயிறு வேற காலையிலேருந்து காலி, அது ஒரு இரை இரைஞ்சா வெளியே இருக்கிறதுக்குப் பதில் சொன்ன மாதிரி ஆயிரும். அப்பதான் எனக்கு வாசம் தட்டுச்சு மதினி. பழ வாசம். கனிஞ்சு கறுத்த வாழைப்பழம். மிச்சச் சோறு இருக்கிற எவர்சில்வர் டப்பாவை நினைச்சேன், அது இறுக்கமான மூடி, அதுக்குள்ளேருந்து எறும்புக்கும் வாசம் போகாது. குனிஞ்சு உலகு கிட்டே மோந்து பாத்தேன். அவ கவுனுக்குள்ளே, வயித்தோடு சேத்து, ஒரு முழுப் பழம், அவ கை அதை இறுக்கிப் பிடிச்சிருக்கு. மத்தியானம் சாப்பாட்டு மேசையில், "பழம் தின்னுட்டியா?"ன்னு கேட்டப்போ, "தின்னுட்டேன்"னு தலையை ஒரு பக்கமாச் சாச்சுச் சொன்னாளே, கள்ளி. ஆனைக்கு எடுத்து வச்சிருக்கா. நான் பண்ணும் பண்ணும்னு சொன்ன ஆனைக்கு.

ஒவ்வொரு விரலா எடுக்கணும். சுண்டுவிரல் முதல்ல. தொட்டில் பிள்ளை கையிலேருந்து கிலுகிலுப்பையை எடுப்போமே, அதே பதம், அவசரப்பட்டா முழிச்சிரும். மோதிர விரல். தும்பிக்கை என் தலைமாட்டுக்கு நேரா வந்து நின்னுட்டு, துணி உள்ளே குழியுது, குழிஞ்ச இடத்தில் ரெண்டு துளை ஈரமாத் தெரியுது, புஸ்ஸுன்னு மூச்சு. நடுவிரல். என் சேலை முந்தானையால் பழத்தைச் சுத்தி, கட்டிலுக்குக் கீழே காலால் டப்பாவை இழுத்தேன், தரையில் அது கர்ருன்னு இழைஞ்சது எனக்கு ரயில் போன மாதிரிக் கேட்டுச்சு. வெளியே மூச்சுச் சத்தம் நின்னுச்சு. நானும் நின்னேன். குட்டி எதையோ தட்டிவிட்டு விளையாடுது, அதுக்கு என்ன கவலை. மூடியைத் திறந்து, சோத்து மேலேயே பழத்தை அமுக்கி, முந்தானையை விளிம்பில் குடுத்து மூடினேன், டக்குன்னு சத்தம் வராம. அப்பாடான்னு நிமிர்ந்தா, உலகு கண்ணைத் திறந்திருக்கு, என்னைப் பாக்கலை, எனக்குப் பின்னால் துணியைப் பாக்குது. அவ முகம் இருக்கே மதினி, தீபாவளிக்கு விடிஞ்ச முகம். "ஆனை"ன்னு சொன்னா. சத்தமாக் கூடச் சொல்லலை, சாமியைப் பாத்த மாதிரிச் சொன்னா. அப்புறம் கை கவுனுக்குள்ளே போச்சு, பழம் இல்லை. உதடு பிதுங்குது. இப்போ அழுவா. அழுதா முடிஞ்சது. "ஆசீர்வாதம்"னு சொல்லிக்கிட்டே கால் ரெண்டையும் கட்டிலுக்குக் கீழே போட்டுட்டா. பிடிச்சு அமுக்கினா கத்துவா, வாயைப் பொத்தினா கடிப்பா, எனக்கு என் பிள்ளையைத் தெரியும். நான் என்ன பண்ணினேன்னா, என் வலது கையை அவ முன்னாலே தூக்கினேன், முழங்கையை மடக்கி, மணிக்கட்டைத் தொங்கவிட்டு, பைய ஆட்டினேன். அவ பாத்தா. கொண்டுபோய் அவ உச்சியில் பொத்துன்னு வச்சு, காதோரம் புஸ்ஸுன்னு ஊதினேன். "ஆனை சொல்லுச்சு, உள்ளே உக்காந்து வாங்குற பிள்ளைக்குத்தான் ஆசீர்வாதம். பேசினா அடுத்த பிள்ளைகிட்டே போயிருமாம்." அவ கண்ணு பெருசாச்சு. ரெண்டு கையையும் கூப்பினா. வாயை மட்டும் அசைச்சு, இன்னொருக்கா. இன்னொருக்கா வச்சேன். இன்னொருக்கா. எத்தனை தடவை செல்லும் இது?

மசஞ்சாவைக் கூப்பிடணும். அடுக்களையில் ரேடியோ பாடுது, பாத்திரம் உருளுது, அவ்வளவு கிட்டத்தில் மனுசங்க இருக்காங்க, அவ்வளவு தூரத்தில் இருக்காங்க. ஆள் குரல் கேட்டா இது என்ன செய்யும்? காக்காயைக் கூப்பிட்டா? காலையிலேருந்து காக்காக் கரைச்சல் இதுக்கும் பழக்கம்தானே. அடிவயித்திலேருந்து, பாடுற மாதிரி, "கா... கா... காக்கா..."ன்னேன். தும்பிக்கை அசையாம நிக்குது. பரவாயில்லை. "காக்கா... காக்கா..." அடுக்களையில் ஒருத்தர் என்னை மாதிரியே "கா கா"ன்னு கூவிக் காட்டுறாரு, எல்லாரும் சிரிக்காங்க. மசஞ்சா குரல்தான், நல்லாத் தெரியுது. "கூப்பிடுங்க மாமா உலகு, அண்ணன் சட்டையை இஸ்திரி போட்டுக்கிட்டு இருக்கான், வருவான்!" பாவி மனுசா. காலையில் சிரிச்ச சிரிப்பு எனக்கே இப்படித் திரும்பி வருது. உலகு என் மடியில் அவங்க சிரிக்கிறதைக் கேட்டுத் தானும் சிரிக்கத் தயாராகுது, வயிறு குலுங்குது, நான் தும்பிக்கையை அவ வாய் மேலே வச்சேன். முழுசாக் கூப்பிடுங்கன்னாரே. பேர் சொல்லணும். பேர் சொன்னா அது மனுசக் குரல். சொல்லாட்டி அது வெறும் பறவை. ஆனை துணியை ஒரு தள்ளுத் தள்ளுச்சு, கம்பு ஒண்ணு முனகுச்சு, மூலையில் இருந்த வாளி சாஞ்சுச்சு. நான் பிள்ளையைத் தூங்கப்பண்ணுற ராகத்திலேயே, கொஞ்சமும் ஏத்தாம, சொன்னேன். "காக்கா... மசஞ்சா... காக்கா... மசஞ்சா..." சிரிப்பு இன்னும் ஓடுது. ஒண்ணும் ஆகலை. இன்னொருக்கா சொன்னேன். சிரிப்பில் ஒரு ஆள் குறைஞ்சாரு. அப்புறம் ரேடியோ நின்னுச்சு. மதினி, ஒரு பாட்டு பாதியில் நின்னதுக்கு நான் அழுதது அதுதான் முதல் தடவை.

அப்புறம் நடந்ததுக்கு அவங்களைத்தான் கேக்கணும், நான் கண்ணை மூடிக்கிட்டேன். தூரத்தில் ஜீப்பு ஸ்டார்ட் ஆச்சு, கிட்டே வரலை, நின்ன இடத்திலேயே உறுமுச்சு, தணிஞ்சுச்சு, மறுபடி உறுமுச்சு. ஒரு ஆள் யாரோ வழியில் பாத்த சொந்தக்காரங்ககிட்டே பேசுற மாதிரிச் சாதாரணமாப் பேசிக்கிட்டே இருக்காரு, கையைப் பைய தட்டிக்கிட்டு. பைய ஒரு கண்ணைத் திறந்தேன், துணியில் குழிஞ்சிருந்த இடம் வெளியே போச்சு. கறுப்பு நகர்ந்துச்சு, சின்னக் கறுப்பு பின்னாலே ஓடுச்சு, வெயில் மறுபடி உள்ளே விழுந்துச்சு. உலகு டாட்டா காட்டுறா. நான் வலை ஜிப்பைத் திறந்தப்போ மசஞ்சா மரக்கட்டைப் பக்கத்தில் நிக்கிறாரு, முகமெல்லாம் வேர்வை, சிரிப்பு ஒரு பொட்டு இல்லை. பகல்ல இந்தப் பக்கம் வராதுன்னு முந்தாநாள் சத்தியம் பண்ணின மனுசன். கட்டையைக் காட்டினாரு. ஒரு பருக்கை இல்லை, ஈரம்தான் இருக்கு. "எடுத்திருங்கன்னு சொன்னேனே?" டப்பாவைத் தூக்கிக் காட்டி, பழமும் கூடாரத்துக்குள்ளேதான் இருந்துச்சுன்னு சொன்னேன். எனக்குத் தெரிஞ்ச கொஞ்சூண்டு அவங்க பாஷையில் சொன்னேன், என் பாபா செத்துட்டார், இன்னைக்கு அவருக்குச் சோறு. இவங்க பேச்சில் பாபான்னா அப்பா, அது மட்டும் தப்பில்லாம வந்துச்சு. காக்கா சாப்பிட்டாத்தான் பாபா சாப்பிட்ட மாதிரி, காக்கா சாப்பிடாம நானும் சாப்பிடக் கூடாது. அவர் நெத்தியைச் சுருக்கிக் கேட்டாரு. "காக்கா சாப்பிட்டா, உங்க அப்பாவுக்குப் போயிருமா?" "ஆமா." "அப்போ காலையிலேருந்து நீங்க ஒண்ணும் சாப்பிடலையா?" இல்லைன்னு தலையாட்டினேன். அவர் மரத்தைப் பாத்தாரு, வெள்ளைச்சட்டை எங்கேயோ போயிருந்துச்சு. கம்பைக் கட்டை மேலே சாத்தினாரு. உலகு மூஞ்சி கழுவ வச்சிருந்த செம்புத் தண்ணியில் கையைக் கழுவி, சட்டையில் துடைச்சு, ரெண்டு உள்ளங்கையையும் சேத்து டப்பாவுக்கு நேரா நீட்டினாரு.

"மாமா உலகு, இனிமே வெளியே வைக்காதீங்க. இந்தக் காக்கா கையில் குடுங்க."